பேப்பரும் பாட்டிலும் பிரியும் இடம்

மறுசுழற்சிக்குப் போகும் குப்பையை வீடுகளிலிருந்து வாங்க உலகில் இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. காகிதம், அட்டை, கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வாங்கிக்கொண்டு போய், ஒரு கூடத்தில் கொட்டிப் பிரிப்பது ஒன்று. காகிதமும் அட்டையும் ஒரு தொட்டியில், பாட்டிலும் டப்பாவும் இன்னொரு தொட்டியில் என வாசலிலேயே பிரித்து வாங்குவது மற்றொன்று. முன்னதை ஒற்றைத் தொட்டி முறை என்றும் பின்னதை இரட்டைத் தொட்டி முறை என்றும் சொல்லலாம். சென்னையில் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியில் உள்ள பச்சை, நீலத் தொட்டிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிப்பவை. நீலத் தொட்டிக்குள் விழும் பொருள்களை மறுபடியும் பிரிக்க வேண்டுமா, பிரித்தால் எங்கே, யார் கையால் என்பதுதான் இந்த இரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு.

எந்த முறையானாலும் பிரிக்கும் வேலை குறைவதில்லை. காகித ஆலைக்குக் காகிதம் மட்டும்தான் வேண்டும். அலுமினிய உலைக்கு அலுமினியம் மட்டும்தான் வேண்டும். வீட்டில் செய்யாத வேலையை வண்டியில் செய்ய வேண்டும், வண்டியில் செய்யாததைக் கூடத்தில் செய்ய வேண்டும். ஒற்றைத் தொட்டி முறையில் வண்டிச் செலவு குறைந்து கூடத்தின் செலவு ஏறும். இரட்டைத் தொட்டி முறையில் வண்டிக்கு இரண்டு அறைகளோ இரண்டு நடைகளோ தேவைப்படும். ஆனால் கூடத்தில் வேலை எளிது, கிடைக்கும் சரக்கும் சுத்தம். ஓர் ஊர் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பது அந்த ஊரில் கூலி, இடம், எந்திரம், பழைய பொருள் வியாபாரம் ஆகியவை என்ன நிலையில் உள்ளன என்பதைப் பொறுத்தது.

ஒற்றைத் தொட்டி முறை 1990-களில் அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், வேகமாகப் பரவியது. அங்கே கூலி அதிகம். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஓட்டுநர் இறங்காமலே எந்திரக் கையால் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் லாரிகள் வந்தபோது, ஒரே தொட்டி என்றால் ஒரே ஆள் போதும் என்று ஆயிற்று. பிரிப்பதில் யோசனை தேவையில்லாததால் மக்கள் அதிகமாகப் போட்டார்கள். சேரும் எடையும் கூடியது. பிரிக்கும் கூடங்களில் எந்திரங்கள் வந்தன. சுழலும் வட்டத்தட்டுகளின் மேல் அட்டைப்பெட்டி மிதந்து போகும், சிறு பொருள்கள் இடுக்கு வழியே கீழே விழும். காந்தம் இரும்பையும் தகரத்தையும் இழுக்கும். வேகமாக மாறும் காந்தப்புலம் அலுமினிய டப்பாவுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டி, அந்த டப்பாவையே பெல்ட்டிலிருந்து துள்ளி விழச் செய்யும். அகச்சிவப்புக் கதிரை வீசி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு இது எந்த வகை பிளாஸ்டிக் என்று கண்டுபிடித்து, காற்றை ஊதித் தனியே தள்ளும் கருவிகளும் சேர்ந்தன.

இவ்வளவு இருந்தும் ஒன்று மட்டும் சரியாகவில்லை. ஒன்றாகக் கொட்டியபோதே பொருள்கள் ஒன்றையொன்று கெடுத்துவிடுகின்றன. கெட்டதை எந்த எந்திரமும் திருப்பிக் கொடுப்பதில்லை.

காகிதம் என்பது மரத்திலிருந்தோ கரும்புச் சக்கையிலிருந்தோ எடுத்த நார்களின் பின்னல். ஆலையில் அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, நார்களைப் பிரித்து, மறுபடி தாளாகப் படிய வைக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நார் உடைந்து குட்டையாகும். ஐந்து முதல் ஏழு சுற்றுக்கு மேல் தாங்காது. எண்ணெய் பட்ட காகிதம் இந்தக் கூழில் ஒரு தொல்லை. எண்ணெய் தண்ணீரில் கலக்காது. நார்கள் ஒன்றோடொன்று பிணைவதைத் தடுத்து, தாளில் கறையும் ஓட்டையும் விழச் செய்யும். சட்னி கொட்டிய பெட்டி ஒன்று, பக்கத்தில் இருக்கும் பத்துச் செய்தித்தாள்களையும் கெடுத்துவிடும். கண்ணாடி இன்னும் மோசம். லாரியில் அமுக்கும்போது பாட்டில் நொறுங்கி, துகள்கள் காகிதத்தில் ஏறிக்கொள்ளும். அவை ஆலையின் எந்திரங்களைத் தேய்த்துக் கெடுக்கும். கண்ணாடிக்கும் அதில் நஷ்டம்தான்: முழுப் பாட்டிலாக இருந்தால் கழுவி மறுபடி நிரப்பலாம், உடைந்து நிறங்கள் கலந்துவிட்டால் மதிப்பு அடிமட்டத்துக்குப் போய்விடும்.

பிளாஸ்டிக்குகளுக்குள்ளேயே பகை உண்டு. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியசில் உருகும். அதற்குள் பி.வி.சி. என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் கொஞ்சம் கலந்திருந்தால், அந்தச் சூட்டில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். மொத்த உருகலும் மஞ்சளாகி, உறுதியை இழக்கும். மூடியோ பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன், அது தண்ணீரில் மிதக்கும், பெட் மூழ்கும். அதனால் பாட்டிலும் மூடியும் கலந்து வந்தால் பரவாயில்லை, ஒரு தண்ணீர்த் தொட்டி பிரித்துவிடும். எதை எதோடு கலக்கலாம் என்பதைப் பொருளின் இயல்புதான் தீர்மானிக்கிறது. தொட்டிகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மேலைநாடுகள் தங்கள் கலப்புச் சரக்கைப் பல ஆண்டுகள் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அங்கே கூலியாட்கள் மறுபடி பிரித்தார்கள். 2018-ல் சீனா கதவைச் சாத்தியது. பல வகைக் கழிவுகளுக்கு முழுத் தடை வந்தது. எஞ்சியவற்றில் அந்நியப் பொருள் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. ஒற்றைத் தொட்டிக் கூடங்களால் அந்தச் சுத்தத்தை எட்ட முடியவில்லை. கலப்புக் காகிதத்தின் விலை விழுந்தது. சில ஊர்கள் காகிதத்தைத் தனியே வாங்கும் முறைக்குத் திரும்பின. சில ஊர்கள் கண்ணாடியை மட்டும் தொட்டியிலிருந்து விலக்கின.

சென்னையில் இந்தக் கேள்வி வேறு விதமாக எழுகிறது. ஏனென்றால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும், மாநகராட்சி வண்டி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே காகிதம் தனியாகப் பிரிந்துவிட்டது. பழைய பேப்பர்காரரின் குரல் தெருவில் கேட்டதும், பரணிலிருந்தோ அலமாரிக்கு அடியிலிருந்தோ செய்தித்தாள் கட்டு இறங்கும். பரீட்சை முடிந்த நோட்டுப் புத்தகம், வாரப் பத்திரிகை, அட்டைப்பெட்டி, தகரம், அலுமினியம், பித்தளை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. ஆவின் பால் கவரைக் கழுவிக் காயவைத்து ஒரு பையில் சேர்த்து எடைக்குப் போடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. அந்தக் கவர் அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன். சுத்தமாக, ஒரே வகையாக, ஓரிடத்தில் சேர்ந்தால் வாங்க ஆள் இருக்கிறது. அதே கவரைச் சோற்றோடு சேர்த்துக் குப்பையில் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு டம்ளர் தண்ணீரும் அரை நாள் வெயிலும்தான் வித்தியாசம்.

பழைய பேப்பர் கடையை ஓர் ஆய்வுக்கூடம் என்றே சொல்லலாம். கடைக்காரர் பிளாஸ்டிக்கை வளைத்துப் பார்க்கிறார், தட்டி ஓசையைக் கேட்கிறார், சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கிறார். அகச்சிவப்புக் கருவி செய்யும் வேலையில் பெரும்பகுதியைக் கையும் காதும் செய்கின்றன. சில இடங்களில் கருவியைவிடக் கை மேல்: உணவகங்களிலிருந்து சாப்பாடு வரும் கறுப்பு நிற டப்பாக்களில் கரித்தூள் சாயம் இருப்பதால் அகச்சிவப்புக் கதிரை அவை விழுங்கிவிடும், பொதுவான கருவிகளின் கண்ணில் படுவதில்லை. கடையில் சேர்ந்தது மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து ஆலைக்கும் போகிறது. நல்ல செய்தித்தாளில் ஒரு பங்கு ஆலைக்குப் போகாமல் நேராகப் பொட்டலம் கட்டவும் போகிறது. பஜ்ஜி, வடையை அச்சு மை பட்ட தாளில் கட்டுவது உடலுக்குக் கெடுதல் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது; பூக்கட்டுக்கும் பாத்திரத்துக்கும் அது நல்ல மறுபயன்பாடுதான்.

சென்னையின் இந்தக் கடைகளைத் தேடிப் போய் வரைபடத்தில் குறித்த நிறுவனங்களும் உண்டு. கபாடிவாலா கனெக்ட் அவற்றில் ஒன்று. நகரத்தின் மறுசுழற்சி அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் கட்டினால் போதும் என்பது அந்த முயற்சியின் அடிப்படை. இது மிகச் சரியான பார்வை. அமெரிக்கக் கூடத்தை அப்படியே கொண்டுவந்து நிறுத்துவதில் உள்ள சிக்கலும் இங்கேதான் தெரியும். அந்தக் கூடத்தின் வருமானம் அட்டைப்பெட்டியிலும் அலுமினியத்திலும் வருகிறது. சென்னையில் அவை இரண்டும் நீலத் தொட்டியை எட்டுவதே குறைவு. வாசலிலேயே விலை பேசி முடிந்துவிடுகிறது. தப்பியதைக் குப்பை பொறுக்குபவர்கள் எடுத்துவிடுகிறார்கள். நீலத் தொட்டிக்கு மிஞ்சுவது கடைக்காரர் வேண்டாம் என்று தள்ளியவை: சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, தெர்மாகோல், கிழிந்த செருப்பு, எண்ணெய் ஊறிய பெட்டி. விலை உள்ள சரக்கு வகைவகையாகப் பிரிந்து கடைக்குப் போக, விலை இல்லாதது ஒரே தொட்டியில் மாநகராட்சிக்குப் போகிறது. பெயர் சூட்டப்படாத ஓர் இரட்டை முறையில்தான் சென்னை இயங்குகிறது.

அப்படியானால் இந்த ஊரில் உண்மையான எல்லைக்கோடு காகிதத்துக்கும் பாட்டிலுக்கும் இடையில் இல்லை. ஈரத்துக்கும் உலர்ந்ததற்கும் இடையில் இருக்கிறது. சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதில் பாதிக்கும் மேல் மக்கக்கூடியது. காய்கறித் தோல், சாதம், பூ, வாழையிலை என்று எல்லாவற்றிலும் தண்ணீர் கனக்கிறது. இந்த ஈரம் கொஞ்ச நேரம் காகிதத்தோடு கிடந்தால் போதும், காகிதம் ஆலைக்கு ஆகாது. அமெரிக்க ஊர்களில் ஒற்றைத் தொட்டிக்கு எதிராகச் சொல்லப்பட்ட குறைகள் அத்தனையும் இங்கே பச்சை, நீலம் கலப்பதில் பல மடங்காக நேர்கின்றன.

இதைச் சட்டம் உணரக் காலம் பிடித்தது. சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா பட்டேல் 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக 2000-ல் நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016-ன் விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை ஒவ்வொரு வீட்டின் கடமையாக்கின. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் இயன்ற வரையில் மக்கும் குப்பையை உள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றன. சென்னை மாநகராட்சியின் துணை விதிகள் 2019-ல் வந்தன. பெங்களூரில் 2015-ல் உயர் நீதிமன்றமே தலையிட்டு, இரண்டு தொட்டி, ஒரு பை என்ற முறையைக் கட்டாயமாக்கியது. அங்கே உலர்ந்தது பையில் போகும்.

விதிக்கும் நடைமுறைக்கும் நடுவே நிற்பது ஒப்பந்தம். 2000-ல் சென்னையின் சில மண்டலங்களில் ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் குப்பை அள்ள வந்தபோது, கூலி டன் கணக்கில் பேசப்பட்டது. எடைக்குப் பணம் என்றால், ஈரமும் கல்லும் கலந்த குப்பைதான் அள்ளுபவருக்கு லாபம். பிரித்துக் கொடுத்த வீட்டின் உழைப்பு எடைமேடையில் மதிப்பிழக்கிறது. தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உள்ளிட்ட மண்டலங்களில் 2020 முதல் பணியாற்றும் உர்பேசர் சுமீத் நிறுவனத்தின் ஒப்பந்தம் எடையை விட்டுச் செயல்திறன் அளவுகோல்களுக்கு மாறியது. வீடுவீடாக வாங்குவது, பிரித்து வாங்குவது போன்றவை அவற்றில் அடங்கும். தொட்டிகளின் நிறத்தைவிட இந்த மாற்றம் முக்கியமானது. பணம் எதற்குத் தரப்படுகிறதோ அதுதான் தெருவில் நடக்கும்.

கலந்து கொட்டியதன் கணக்கு பெருங்குடியில் மலையாக எழுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பல பத்தாண்டுகளாகத் தென் சென்னையின் குப்பை குவிந்தது. காற்றுப் புகாத ஆழத்தில் மக்கும் பொருள் அழுகி மீத்தேனை விடுகிறது. சுற்றிலும் உலர்ந்த காகிதமும் பிளாஸ்டிக்கும் கிடக்கின்றன. 2022 ஏப்ரலில் அங்கே பற்றிய தீ பல நாள் அணையவில்லை. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் குவியலைத் தோண்டிச் சலித்து, மண், கல், எரியக்கூடிய பொருள் என்று பிரிக்கும் பணி கோடிக்கணக்கான ரூபாய் செலவில் மேற்கொள்ளப்பட்டது. எரியக்கூடியது சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போனது. சமையலறையில் அரை நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய பிரிப்பை, முப்பது ஆண்டுகள் கழித்து எந்திரச் சல்லடையில் செய்தார்கள். அதற்குள் காகிதம் காகிதமாக இல்லை.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளுக்கும் ஒரே விடை பொருந்தாது. மயிலாப்பூர் மாட வீதிகளில் பூவும் இலையும் மிகுதி. கபாலீசுவரர் கோயிலின் அறுபத்துமூவர் விழா நாளில் அன்னதானத் தட்டுகள் குவியும். காகிதத் தட்டும் காகிதக் கோப்பையும் பார்வைக்குத்தான் காகிதம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அவை எளிதில் உரமாகவும் மாட்டா, கூழாகவும் மாட்டா. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடைசெய்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கோப்பையும் சேர்ந்ததற்கு இதுவே அறிவியல் காரணம். வாழையிலையும் பாக்கு மட்டையும் வந்தால் மிச்சச் சோற்றோடு சேர்த்து ஒரே பச்சைத் தொட்டியில் போட்டுவிடலாம். விழாக் கூட்டத்தில் பிரிக்க ஆள் தேட வேண்டியதில்லை.

தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் குப்பையின் குணமே வேறு. ஜவுளி வந்த அட்டைப்பெட்டியும் சட்டையைச் சுற்றிய தெளிவான பிளாஸ்டிக் உறையும்தான் பெரும்பகுதி, ஈரம் சொற்பம். அட்டைக்கு வியாபாரிகள் காத்திருக்கிறார்கள். இத்தகைய கடைவீதியில் காகிதமும் பிளாஸ்டிக்கும் தனித்தனி என்ற இரட்டை முறை வெகு இயல்பாகப் பொருந்தும். ஒவ்வொரு வகையும் அளவில் நிறையச் சேர்வதால் வண்டி நடை வீணாகாது.

அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் அடுக்குமாடிகளும் குடியிருப்போர் சங்கங்களும் அதிகம். கஸ்தூர்பா நகர்ச் சங்கத்தைப் போலத் தெருத்தெருவாகப் பேசிப் பிரிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் முன்னோடி 1989-ல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்நோரா. தெருவுக்கு ஓர் ஆளும் மூன்று சக்கர வண்டியும் வைத்து, வீட்டு வாசலில் குப்பை வாங்கும் பழக்கத்தைச் சென்னைக்கு அறிமுகப்படுத்திய இயக்கம் அது. இன்றைய அடுக்குமாடியில் ஆன்லைனில் வாங்கியவற்றின் அட்டைப்பெட்டிகளும் சாப்பாட்டு டப்பாக்களும் குவிகின்றன. இங்கே ஒரு சங்கம் எத்தனை தொட்டி என்று முடிவெடுக்க, முதலில் ஒரு வாரக் குப்பையை எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. முப்பது வீட்டில் வாரத்துக்கு இரண்டு பாட்டில்தான் கண்ணாடி என்றால் அதற்கென ஒரு தொட்டி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். வாங்க ஆள் இல்லாத வகைக்குத் தொட்டி வைப்பதும் வீண். அட்டை நிறையச் சேர்ந்தால், மழை படாத ஓர் அறை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த அட்டைக்குக் கடைக்காரர் எடையில் கழிப்பார், அல்லது எடுக்கவே மாட்டார். பல வீடுகளில் குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடுபவர் வீட்டு வேலைக்கு வரும் பெண். அவரோடு பேசாமல் சங்கக் கூட்டத்தில் எடுக்கும் முடிவு எதுவும் மாடிப்படியைத் தாண்டாது.

உலர்குப்பையை மேலும் பிரிப்பதற்கு முன்பாகவே ஒவ்வொரு சங்கமும் பிரித்தாக வேண்டிய ஒன்று இருக்கிறது. நாப்கினும் டயப்பரும் ஊசியும் உடைந்த ட்யூப்லைட்டும் நீலத் தொட்டியில் விழுந்தால், பெல்ட்டின் ஓரம் நிற்கும் தூய்மைப் பணியாளரின் கை அதன்மேல் படும். ஒற்றைத் தொட்டிக் கூடங்களில் எந்திரம் எவ்வளவு இருந்தாலும் கடைசிப் பிரிப்பு மனிதக் கையால்தான் நடக்கிறது. அந்தக் கைக்கு எதை அனுப்புகிறோம் என்பது வீட்டில் தீர்மானமாகிறது. 2026-ல் அறிவிக்கப்பட்ட புதிய திடக்கழிவு விதிகள் நாப்கின், டயப்பர் வகையறாவைத் தனி வகையாக்கி, ஈரம், உலர்வு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டிய கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்வது இந்தக் காரணத்தால் வரவேற்கத்தக்கது.

கண்ணாடிக்கு நல்ல வழி தொட்டிக்கு வெளியே இருக்கிறது. கோலி சோடா பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்த காலத்தின் தர்க்கம் அது. நீலகிரியில் 2022-ல் தொடங்கிய மதுப்பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் அதே வழியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தருகிறது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. இப்படிப் போகும் பாட்டில் உடைவதில்லை, காகிதத்தையும் கெடுப்பதில்லை.

புதிய விதிகளிலும் உலர்குப்பை ஒரே வகைதான். காகிதத்தையும் பாட்டிலையும் அதற்குள் பிரிப்பதா என்பதை அவை ஊரின் பொறுப்பில் விட்டிருக்கின்றன. தென் சென்னையில் அந்தப் பிரிப்பு இன்றும் பழைய பேப்பர் கடையின் தராசில் நடந்துகொண்டிருக்கிறது.